கார் டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஏன்? குமரி மாவட்டத்து வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் வீல் அலைன்மெண்ட் (சக்கரம் பார்க்கிற திசையைச் சரிசெய்வது) பிட்டில் நின்று வேலை பார்க்கிறவன் நான். புது டயர் போட வருகிறவர்களிடம், பழைய டயரைக் கழற்றியதும் ஒரு நிமிடம் தரையில் உருட்டிக் காட்டுவேன். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே வண்டியில் என்ன கோளாறு என்று பாதி தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் புது டயர் மாட்டினால், பழையதைத் தின்ற கோளாறு புதியதையும் தின்னும். களியக்காவிளையில் இருந்து ஆரல்வாய்மொழி வரை பல ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

டயர் சமமாகத் தேயவில்லை என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்ப்பது போதாது. நின்றபடி பார்த்தால் வெளிப்பக்க ஓரம் மட்டும்தான் தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து நிறுத்திவிட்டு முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். அப்புறம் மறுபக்கம் ஒடித்து அடுத்த டயரைப் பாருங்கள். பின் டயருக்கு வண்டிக்கு அடியில் செல்போனை நீட்டி, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் போதும்.

பட்டன் (டயரின் மேலுள்ள ரப்பர் கட்டிகள்) ஆழம் அளக்கிற சின்ன கேஜ் விலை அதிகமில்லை. ஒவ்வொரு டயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது கார் டயரில் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. ஒரு ஓரத்துக்கும் மற்றதற்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் காரணத்தைத் தேட ஆரம்பிக்க வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்பதால் மெதுவாகத் தடவுங்கள்.

வெளியே நன்றாக இருக்கிறது, உள் ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. என்ன காரணம்?

எல்லாத் தேய்மானத்திலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், அருமனையில் இருக்கும் என் அக்கா குடும்பம் திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாறசாலை தாண்டியதும் முன் டயர் வெடித்தது. வண்டி மெதுவாகப் போனதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முந்தின மாதம் அந்த வண்டிக்குக் காற்று பார்த்துக் கொடுத்ததே நான்தான். வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருந்தது, அதோடு விட்டுவிட்டேன். கழற்றிப் பார்த்தபோது உள் ஓரத்தில் ரப்பரே இல்லை, கம்பி வலை தெரிந்தது. அன்றிலிருந்து உள் ஓரத்தைப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் வெளியே விடுவதில்லை.

காரணம் பொதுவாக இரண்டில் ஒன்று, சில சமயம் இரண்டும். முதலாவது டோ. இரண்டு முன் சக்கரங்களும் நேராகப் பார்க்காமல், முன்பக்கம் விரிந்து வெளியே பார்த்தால் அது டோ அவுட், உள் ஓரம் தேயும். முன்பக்கம் நெருங்கி உள்ளே பார்த்தால் அது டோ இன், வெளி ஓரம் தேயும். இரண்டாவது கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் உள் ஓரமும், வெளியே சாய்ந்திருந்தால் வெளி ஓரமும் பாரம் தாங்கித் தேயும். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்தாலும், குழியில் விழுந்து ஸ்ட்ரட் (ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) வளைந்தாலும் கேம்பர் மாறும்.

டோவா கேம்பரா என்று எப்படிப் பிரித்தறிவது?

கையால் அறியலாம். டயரின் மேல் குறுக்காக, வெளியே இருந்து உள்ளேயும், உள்ளே இருந்து வெளியேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி உறுத்தலாகவும் இருந்தால் அது டோ. உள்ளே இருந்து வெளியே இழுக்கும்போது உறுத்தினால் டோ இன் அதிகம். வெளியே இருந்து உள்ளே தள்ளும்போது உறுத்தினால் டோ அவுட். இரண்டு திசையிலும் வழவழப்பு, ஆனால் ஒரு ஓரம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது என்றால் கேம்பர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

டோ எவ்வளவு மோசமானது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். டயரின் விட்டம் 60 செ.மீ. என்று வையுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து டோ 3 மி.மீ. தவறாக இருந்தால், ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். 10,000 கி.மீ. ஓடினால் 25 கி.மீ. ஆயிற்று. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற தூரத்தைவிட அதிக தூரத்துக்கு டயரை ரோட்டில் தேய்த்துக்கொண்டே போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஸ்டீயரிங்கில்கூட பல சமயம் தெரியாது.

அலைன்மெண்ட் பார்த்து இரண்டு மாதம் ஆகவில்லை, மறுபடி அதே இடத்தில் தேய்கிறதே?

அக்கா வண்டியின் டயர் வெடித்த பிறகு ஓர் இடத்தில் அலைன்மெண்ட் செய்தார்கள். கம்ப்யூட்டரில் எல்லா அளவும் சரி என்று பச்சை காட்டியது. ஆனால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கிற கை) மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. வண்டி நிற்கும்போது அளவு சரியாக இருக்கும். பிரேக் பிடித்தாலும் குழியில் இறங்கினாலும் புஷ் அசைந்து அளவு மாறிவிடும். நிற்கிற வண்டியை மட்டுமே அந்த இயந்திரம் பார்க்கிறது.

ஆகவே ஆட்டம் இருக்கிற பாகத்தை மாற்றிய பிறகுதான் அலைன்மெண்ட். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் வந்தால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியின் முனை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் வந்தால் சக்கரத்தின் கீழ் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. டோவைத் திருத்தத் திருகுகிற டை ராடு நட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். அவசரத்தில் இருக்கிற ஆள் அதைத் திருகாமலே ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கி அனுப்பிவிடலாம். அதனால் திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு அளவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் டோ அளவு மாறாமல் இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருள்.

இன்னொன்று: பெரும்பாலான சின்ன கார்களில் முன் சக்கரத்தின் டோவை மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் சிவப்பில் இருக்க, அது அட்ஜஸ்ட் ஆகாது சார் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அட்ஜஸ்ட் ஆகாது என்பது உண்மைதான். அப்படியானால் ஸ்ட்ரட், ஆர்ம், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள் என்று எது வளைந்திருக்கிறது என்று தேட வேண்டும். அந்த இடத்தில் வேலை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறது, அல்லது இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருக்கிறது?

நடு தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. இப்போதைய ரேடியல் டயர்களில் கம்பி பெல்ட் இருப்பதால், காற்று கொஞ்சம் கூடினால் நடு உடனே தேய்ந்துவிடாது. குறைந்தால் மட்டும் ஓரங்கள் சீக்கிரம் போகும், டயர் சூடாகி உள்ளே நூலும் கெடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேச்சிப்பாறை, கீரிப்பாறை மாதிரி வளைவு அதிகமான மலைப்பக்கத்து ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டியில், காற்று சரியாக இருந்தாலும் முன் டயரின் ஓரங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். வளைவில் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறையும்.

சரியான காற்று எவ்வளவு?

டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்சம். அதை அடிக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கான அளவு, டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 33 பிஎஸ்ஐ வரை. ஐந்து பேரும் சாமானுமாகப் போனால் பின் டயருக்குக் கூடுதல் அளவு அதே ஸ்டிக்கரில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். டிக்கியில் ரப்பர் ஷீட்டோ வாழைக்குலையோ ஏற்றுகிறவர்கள் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

டயர் சூடாவதற்கு முன், காலையில் பாருங்கள். நாகர்கோவில் போய்த் திரும்பி வந்த சூட்டில் பார்த்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடக் காட்டும். காற்று அதிகம் என்று நினைத்து அதை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறைவது இயல்பு. ஒரே ஒரு டயரில் மட்டும் அடிக்கடி குறைந்தால் பஞ்சர், வால்வு, அல்லது ரிம் ஓரத்துத் துரு. ஒவ்வொரு கடைக் கேஜும் ஒவ்வொரு அளவு காட்டும் என்பதால் சொந்தமாக ஒன்று வைத்திருப்பது நல்லது.

நைட்ரஜன் அடித்தால் தேய்மானம் நிற்குமா?

நிற்காது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சரியான அளவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ரப்பர் சரக்கு மோசமாக இருக்குமோ?

குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர்கள் இதை அக்கறையோடு கேட்பார்கள். தாங்கள் பால் எடுத்து உலர்த்துகிற ஷீட் எங்கே போய் எப்படி உழைக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை இருப்பது நியாயம்தான். கார் டயரில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், இன்னும் பல சேர்மானங்கள் உண்டு. லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். சரக்கு மோசமென்றால் டயர் முழுவதும் சீக்கிரம் தேயும். ஒரே ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் குற்றம் வண்டியில். அதே டயரில் மற்ற ஓரம் நன்றாக இருக்கிறதே, ரப்பர் ஒன்றுதானே!

டயர் குழி குழியாகத் தேய்ந்து, ஓடும்போது உறுமல் சத்தம் வருகிறது?

சுற்றிலும் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். ஷாக் அப்சர்பர் வலுவிழந்தால் சக்கரம் ரோட்டை விட்டு விட்டுக் குதிக்கும். குதித்து இறங்குகிற இடங்களில் பள்ளம் விழும். பேலன்சிங் கெட்டாலும், பேரிங் ஆடினாலும் இது வரலாம். ஷாக்கில் எண்ணெய் கசிந்து அழுக்கு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பானட் மூலையை அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆடாவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்ட முடியாது; கசிவையும் பாருங்கள்.

சத்தத்தை வைத்துப் பேரிங் என்று நினைத்து மாற்றி, காசை இழந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது கவனித்துக் கேளுங்கள், தெரிந்துவிடும். லேசாக இடதும் வலதுமாகத் திருப்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் பேரிங். இன்னும் சந்தேகமென்றால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் டயர்தான்.

ஓரத்துப் பட்டன் ஒவ்வொன்றும் ஒரு முனை உயர்ந்தும் ஒரு முனை தாழ்ந்தும் இருப்பது வேறு வகை. முன்சக்கரம் இழுக்கிற கார்களில், ரொட்டேஷன் (டயர்களை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவது) செய்யாமல் விட்ட பின் டயர்களில் இது அதிகம்.

இடது பக்க டயர்கள் மட்டும் சீக்கிரம் கெட்டுப்போகின்றன, ஏன்?

நம் மாவட்டத்தில் இதை நான் ரோட்டின் குற்றமாகத்தான் பார்க்கிறேன். உள்ளூர் ரோடுகள் குறுகலானவை, இரண்டு பக்கமும் வீடும் மதிலும். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரங்களைத் தார் ஓரத்தில் இருந்து மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு சாண் பள்ளம். இறங்கும்போது ஒரு அடி, ஏறும்போது டயரின் பக்கச்சுவரில் ஓர் உரசல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்வதால் அந்த ஓரம் ஆண்டுக்கு இரண்டு முறை அரிக்கப்படுகிறது.

இறங்க வேண்டி வந்தால் வேகத்தை நன்றாகக் குறைத்து இறங்குங்கள். திரும்ப ஏறும்போது ஓரத்தை உரசிக்கொண்டே ஏறாமல், கொஞ்சம் குறுக்காகத் திருப்பி மெதுவாக ஏற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அலைன்மெண்ட் பார்ப்பது இங்கே அவசியம். பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரி ஏதாவது புடைத்திருந்தால் அந்த டயரை அன்றே மாற்றுங்கள். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. அலைன்மெண்ட் போய்விட்டதா?

போயிருக்கலாம், ஆனால் முதலில் காற்றைப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக ரோடு ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். லேசாக இடது பக்கம் ஒதுங்குவது இயல்பு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று உங்கள் வண்டியையும் தள்ளும். காற்றடிக்காத, சமமான ரோட்டிலும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் மறுபக்கம் மாறினால் டயர்தான் காரணம். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அலைன்மெண்ட் அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். ஓடி நின்ற பிறகு ஒரு சக்கரம் மட்டும் அனலாகச் சுட்டால் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம்.

பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால்?

பல சின்ன கார்களில் பின் அச்சு ஒரே துண்டு, அலைன்மெண்டில் திருத்த இடமே இல்லை. அளவு தவறாக வந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது அதன் புஷ் போயிருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பின் டயரின் உள் ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். பின்னால் அடிபட்ட வண்டிக்குப் பெயிண்ட் அடித்து மறைக்கலாம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம்.

அலைன்மெண்டும் பேலன்சிங்கும் ஒன்றா?

இல்லை. அலைன்மெண்ட் சக்கரம் பார்க்கிற திசை, பேலன்சிங் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங். ஒரு ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட்.

ஒரு பக்கம் தேய்ந்த டயரை இடம் மாற்றிப் போட்டு ஓட்டலாமா?

காரணத்தைச் சரிசெய்த பிறகு, கம்பியோ நூலோ தெரியாமல் பட்டன் மிச்சமிருந்தால் ஓட்டலாம். போன ரப்பர் திரும்பி வராது, சத்தமும் கொஞ்ச நாள் இருக்கும். ரொட்டேஷனை 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்யுங்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயரை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்ற வேண்டும்.

சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன ரப்பர் மேடு அந்த அளவைக் காட்டும். ஆனால் நம் மழைக்கு அது போதாது என்பது என் கருத்து, 3 மி.மீ. வந்ததுமே மாற்றுங்கள். அளவை நடுவில் பார்க்காமல், மிக அதிகமாகத் தேய்ந்த இடத்தில் பாருங்கள். இரண்டு டயர் மட்டும் புதிது வாங்கினால் பின்பக்கம் போடுங்கள். முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈர ரோட்டில் பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பெரும்பாலானவர்களால் சமாளிக்க முடியாது.

வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். வண்டி பத்து பதினோரு மாதம் போர்ச்சில் நிற்கிறது. வந்து எடுத்தால் தடதடவென்று ஆடுகிறது?

ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிட்டது. முதலில் காற்றைச் சரியாக அடித்துவிட்டு, மிதமான வேகத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். டயர் சூடானதும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் ஆடினால் அது நிரந்தரம், டயரை மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும், வயதாகி வெடிப்பு விழுந்த டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள்.

அடுத்த முறை கிளம்புவதற்கு முன் ஸ்டிக்கர் அளவைவிட நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து, வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்த தம்பியோ மச்சானோ இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்து ஜங்ஷன் வரை போய்வரச் சொல்லுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் மாதம் ஒருமுறை அரை அடி முன்னே தள்ளி நிறுத்தினாலே டயர் வேறு இடத்தில் நிற்கும். ஊருக்குத் திரும்பி வந்து எடுக்கும்போது கூடுதல் காற்றை இறக்கி, ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஓட்டுங்கள்.